மார்க்வெஸை வளர்த்த புத்தகங்கள்: அவர் சொன்ன பட்டியலை அப்படியே நம்பலாமா?

வரிக்குவரி:
கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் தன்னை எழுத்தாளனாக்கிய நூல்கள் என்று பேட்டிகளிலும் தன்வரலாற்றிலும் திரும்பத் திரும்பச் சொன்னவை இவை: காஃப்காவின் 'உருமாற்றம்', ஃபாக்னரின் நாவல்கள், வர்ஜீனியா வூல்ஃபின் 'மிசஸ் டாலோவே', ஹெமிங்வே, மெக்ஸிக எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ', சோஃபக்ளிஸ், 'ஆயிரத்தொரு இரவுகள்', டீஃபோவின் பிளேக் நூல். பட்டியலைப் பகிர்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் காலம் நடந்துகொள்ளும் விதத்தைத் தீர்மானித்தவை இரண்டு புத்தகங்கள்தான்: வூல்ஃப், ருல்ஃபோ.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, துப்பாக்கிப் படைக்கு முன் நிற்கும்போது, கர்னல் அவுரேலியானோ புயெந்தியா, தன் அப்பா பனிக்கட்டியைக் காட்ட அழைத்துப்போன பிற்பகலை நினைத்துக்கொள்வார். கதை எந்தப் புள்ளியிலிருந்து சொல்லப்படுகிறது என்று தெரியாது. அங்கிருந்து எதிர்காலத்துக்கு ஒரு தாவல், அந்த எதிர்காலத்திலிருந்து கடந்த காலத்துக்கு இன்னொன்று. இப்போது 1955-இல் வந்த 'பெட்ரோ பராமோ'. அதில் பாதிரியார் ரென்தெரியா, படுக்கையின் கடினம் தன்னைத் தூங்கவிடாமல் வெளியே துரத்திய இரவைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நினைத்துக்கொள்வார் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அச்சு ஒன்றுதான்.

திண்ணைப்பேச்சு:
ஒரு வாக்கியத்தை வச்சு ஒரு நாவலையே ருல்ஃபோ பேருக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களே சார். மார்க்வெஸே பதில் சொல்லியாச்சு. அவர் பிறந்த ஊரான அரக்கட்டாக்காவில் பாட்டி திராங்கிலினா பேய் பிசாசு கதைகளைக்கூட முகத்துல ஒரு அசைவும் இல்லாம, சந்தைக்குப் போய் வந்த கதை மாதிரி சொல்லுவாங்க. அந்தத் தொனி கைக்கு வந்த பிறகுதான் நாவல் வந்தது. 1981 பாரிஸ் ரிவ்யூ பேட்டியில இதைத் தெளிவாச் சொல்றார். புத்தகப் பட்டியல் எல்லாம் பேட்டி எடுக்க வர்றவங்களுக்குப் பரிமாறுற பலகாரம்.

நாட்காட்டி:
திண்ணைப்பேச்சு அவர்களே, பாட்டியின் குரல் அவருக்கு எட்டு வயதுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. 'வீடு' என்ற பெயரில் இந்த நாவலின் முதல் வடிவத்தைத் தொடங்கியது இருபது வயதை ஒட்டி. அது எழுத வரவில்லை. உட்கார்ந்து எழுதி முடித்தது 1965-66-இல், மெக்ஸிகோ நகரத்தில். பாட்டி மட்டும் போதும் என்றால் நடுவில் இத்தனை ஆண்டுகள் எதற்கு?

திண்ணைப்பேச்சு:
சரி, அதே கணக்கை உங்க பக்கமும் போடுங்க. ருல்ஃபோவைப் படிச்சது 1961. எழுத உட்கார்ந்தது 1965. நடுவுல ஒரு நாலு வருஷம் இருக்கே, அது எதுக்கு?

வரிக்குவரி:
நல்ல கேள்வி. ஆனால் அந்த நாலு வருடங்களில் திரைக்கதை, விளம்பர வேலை என்றுதான் பிழைப்பு ஓடியது, சொந்தப் புனைவு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ருல்ஃபோ பற்றி அவர் பின்னாளில் எழுதிய கட்டுரையில், அப்போது தான் ஒரு முட்டுச்சந்தில் நின்றதாகச் சொல்கிறார். நண்பரும் கவிஞருமான ஆல்வரோ மூத்திஸ் ஒரு கட்டுப் புத்தகத்தோடு ஏழு மாடி ஏறி வந்து, அதில் மிகச் சிறியதை உருவி, "இதைப் படித்துக் கற்றுக்கொள்" என்ற பொருளில் ஒரு வசவோடு கொடுத்தார். இரண்டாம் முறை படித்து முடிக்கும்வரை அன்றிரவு தூக்கமில்லை. பிறகு அந்த நாவல் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்ல முடிந்ததாம். ருல்ஃபோவின் மொத்த எழுத்தே முந்நூறு பக்கம் வருமா என்பதுதான்.

நாட்காட்டி:
அதே கட்டுரையில் ஒரு இடறல் இருக்கிறது. காஃப்காவைப் படித்த இரவுக்குப் பிறகு இப்படி ஒரு அதிர்ச்சியே இல்லை என்று எழுதும்போது, அந்த இரவு "ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்" என்கிறார். காஃப்காவைப் படித்தது 1947, பொகோட்டாவில், மாணவர் விடுதியில். 1961-க்கும் அதற்கும் இடையே 14 ஆண்டுகள்.

வூல்ஃப் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1982-இல் வந்த 'கொய்யாவின் மணம்' உரையாடல் நூலில், இருபது வயதில் 'மிசஸ் டாலோவே'யின் ஒரு வாக்கியத்தைப் படித்திராவிட்டால் தான் வேறொரு எழுத்தாளன் ஆகியிருப்பேன் என்கிறார். படித்த இடம்? கொலம்பியாவின் குவாஹிரா பகுதியில், கலைக்களஞ்சியம் விற்றுத் திரிந்த நாட்களில், கொசுவை விரட்டிக்கொண்டு ஒரு மட்டமான ஓட்டல் அறையில். அவர் பிறந்தது 1927. கலைக்களஞ்சியம் விற்றது 1950-களின் தொடக்கத்தில். இருபது வயதும் அந்த ஓட்டல் அறையும் ஒன்றாக நிற்காது. அதோடு, 1950-இல் பர்ரான்கியாவில் 'எல் எரால்டோ' பத்திரிகையில் 'ஒட்டகச்சிவிங்கி' பத்தியைத் தொடங்கியபோதே 'செப்டிமஸ்' என்று கையெழுத்திட்டார். அது 'மிசஸ் டாலோவே' பாத்திரத்தின் பெயர். அதாவது அந்த ஓட்டல் அறைக்கு முன்பே நாவலைப் படித்தாயிற்று.

அதனால்தான் எழுத்தாளர் சொல்வதை வைத்துத் தொடங்கக்கூடாது என்கிறேன். முதலில் தேதி: படித்ததற்கு அந்தக் காலத்திலேயே பதிவான தடயம் உண்டா? புனைபெயர், பத்தி, கடிதம் எதுவானாலும் சரி. அடுத்து பிரதி: எந்த மொழியில், எந்தப் பதிப்பு கைக்கு வந்தது? கடைசியாக, அதற்கு முந்தைய எழுத்தில் இல்லாத ஒரு உத்தி அதற்குப் பிந்தைய எழுத்தில் வருகிறதா? மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே தாக்கம் என்று பேசலாம்.

மிசிசிப்பி:
அப்படியானால் பட்டியலில் முதலிடம் ஃபாக்னருக்குத்தான். 1955-இல் வந்த மார்க்வெஸின் 'லீஃப் ஸ்டார்ம்' குறுநாவலை எடுங்கள். ஊரே வெறுத்த ஒரு மருத்துவர் தூக்கில் தொங்கிவிட்டார். பிணத்தை அடக்கம் செய்ய ஒரு கர்னலும், அவர் மகளும், பேரனும் வந்து காத்திருக்கிறார்கள். மூன்று பேரின் மனவோட்டம், அரை மணி நேரம். 1930-இல் வந்த ஃபாக்னரின் 'அஸ் ஐ லே டையிங்' ஒரு தாயின் பிணத்தை அடக்கம் செய்யக் கொண்டுபோகும் கதை, 15 பேர் சொல்ல 59 பகுதிகள். சவம், குடும்பம், மாறிமாறி வரும் குரல்கள். 1947-48 சிறுகதைகளில் இந்தக் கட்டுமானம் கிடையாது.

திண்ணைப்பேச்சு:
ஆனா ஃபாக்னர் தாக்கம் தற்செயல்னு அவரே சொல்லியிருக்காரே! அம்மாவோட ஊருக்குப் போனப்போ ஃபாக்னரைப் படிச்சிருந்தேனான்னே நினைவில்லைன்னு 1981 பேட்டியில இருக்கு.

மிசிசிப்பி:
அதே மனிதர் 2002-இல் தன்வரலாற்றைத் தொடங்குவது அதே பயணத்தில்தான். பாட்டி வீட்டை விற்க அம்மா கூப்பிடுகிறார், போகும் படகில் அவர் கையில் இருப்பது ஃபாக்னரின் 'லைட் இன் ஆகஸ்ட்'. அதுவும் முதல் வாசிப்பு அல்ல, மறுவாசிப்பு! 1982 நோபல் உரையில் "என் ஆசான் வில்லியம் ஃபாக்னர்" என்கிறார். 1950 பத்திரிகைப் பத்திகளிலேயே ஃபாக்னரைப் புகழ்ந்திருக்கிறார். இவ்வளவும் ஒரு பக்கம், ஒரே ஒரு பேட்டியின் மறுப்பு இன்னொரு பக்கம். விமர்சகர்கள் எடுத்ததற்கெல்லாம் ஃபாக்னர் ஃபாக்னர் என்றதில் ஏற்பட்ட சலிப்பாகத்தான் அந்த மறுப்பை நான் படிக்கிறேன்.

நாட்காட்டி:
தேதி தேறுகிறது. ஆனால் ஃபாக்னரிடமிருந்து எது வரவில்லை என்பதையும் பாருங்கள். ஃபாக்னரில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே பேசுகிறவர் பெயர் இருக்கும். பெயரை மறைத்தாலும் சின்னப் பையன் வார்டமன் பேசுவதை யாரும் அவன் அப்பா பேசுவதாக நினைக்கமாட்டார்கள். 'லீஃப் ஸ்டார்ம்'இல் தலைப்புப் பெயர் கிடையாது. கர்னலும் மகளும் ஏறக்குறைய ஒரே நடையில் பேசுவதால், பகுதியின் முதல் சில வரிகளில் வாசகன் தடுமாறுகிறான். சட்டகத்தை எடுத்துக்கொண்டார், குரல்களைப் பிரிக்கும் வித்தை அப்போது கைவரவில்லை. பின்னால் ஒரே கதைசொல்லியின் குரலுக்கு அவர் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இன்னொரு எச்சரிக்கை. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலுக்கு கிரிகோரி ரபாஸா செய்த 1970 ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து, வாக்கிய ஓட்டம் ஃபாக்னர் போலவே இருக்கிறது என்று காட்டுகிறவர்கள் உண்டு. அங்கே நீங்கள் கேட்பது ரபாஸாவின் ஆங்கில ஓசையை. அந்தத் தலைமுறை லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்களை ஃபாக்னர் சென்றடைந்ததே பெரும்பாலும் ஸ்பானிய மொழிபெயர்ப்பு வழியாகத்தான். அவரது 'வைல்ட் பாம்ஸ்' நாவலை 1940-இல் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் மொழிபெயர்த்தார்.

வரிக்குவரி:
போர்ஹெஸ் என்றதும் காஃப்கா நினைவுக்கு வருகிறது. மார்க்வெஸ் படித்த 'உருமாற்றம்' போர்ஹெஸ் மொழிபெயர்ப்பு என்று தன்வரலாற்றிலேயே இருக்கிறது. ப்யூனஸ் அயர்ஸில் லொசாதா பதிப்பகம் 1938-இல் வெளியிட்ட தொகுதியில் அவர் பெயர்தான் போட்டிருந்தது. ஆனால் அந்தக் கதையைத் தான் மொழிபெயர்க்கவில்லை என்று போர்ஹெஸே சொல்லிவிட்டார். அது 1925-இல் மாட்ரிட்டின் 'ரெவிஸ்தா தெ ஒக்சிதெந்தே' இதழில் பெயரில்லாமல் வந்த பழைய மொழிபெயர்ப்பு.

திண்ணைப்பேச்சு:
யார் மொழிபெயர்த்தா என்ன, வேலை செஞ்சதா இல்லையா? தூங்கி எழுந்தவன் பூச்சியா மாறிக் கிடக்கிற அந்த முதல் வரியைப் படிச்சதும் கட்டில்லேருந்து விழப் பார்த்தாராம். இப்படியெல்லாம் எழுத அனுமதி உண்டுன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே எழுதியிருப்பேனேன்னார். அந்த 'அனுமதி' பாட்டி வீட்டுல ஏற்கெனவே கிடைச்ச அனுமதிதான். காஃப்கா அதுக்கு முத்திரை குத்தினார், அவ்வளவுதான்.

நாட்காட்டி:
தேதி உங்கள் பக்கம் இல்லை. அவரது முதல் கதை 1947 செப்டம்பர் 13 அன்று 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழில் வந்தது. இறந்தும் சாகாமல் சவப்பெட்டிக்குள்ளேயே வளரும் ஒருவனின் கதை. அதில் பாட்டியும் இல்லை, கரீபியக் கடற்கரையும் இல்லை. ஒரு அறை, ஒரு பெட்டி, ஒரு மூளை. காஃப்காவைப் படித்த சூட்டில் எழுதினால் இப்படித்தான் வரும். பிற்காலத்தில் அந்தக் கதைகளை அவரே வெறும் மூளைப் பயிற்சி என்று ஒதுக்கினார். காஃப்கா அவரை எழுத உட்காரவைத்தார், உண்மை. ஆனால் சில வருடங்களுக்குத் தவறான வீட்டில் குடிவைத்தார்.

மிசிசிப்பி:
சோஃபக்ளிஸை யாரும் தொடவில்லையே? 'லீஃப் ஸ்டார்ம்' முகப்பில் அவரது 'அந்திகொனே' நாடகத்திலிருந்து மேற்கோள் இருக்கிறது. புதைக்கக்கூடாத பிணம், புதைத்தே தீருவேன் என்கிற ஒருவர். நேரடிக் கடன்.

நாட்காட்டி:
எல்லாரும் விழும் பள்ளம் அது. கார்த்தஹேனா நண்பர் குஸ்தாவோ இபர்ரா கைப்பிரதியைப் படித்துவிட்டு, இது அந்திகொனே தொன்மம் ஆயிற்றே என்றார். அதன் பிறகுதான் மார்க்வெஸ் அந்த நாடகத்தை மறுபடி எடுத்துப் படித்தார். அவ்வளவு பெரிய ஆளோடு ஒத்துப்போன பெருமையும், திருட்டு என்று ஊர் சொல்லுமே என்ற கூச்சமும் கலந்திருந்ததாகத் தன்வரலாறு சொல்கிறது. மேற்கோள் பிறகு வந்து சேர்ந்தது. கருப்பொருள் ஒத்திருப்பதை மட்டும் வைத்துக் கடன் எழுதினால் இப்படித்தான் கணக்கு தலைகீழாகும்.

திண்ணைப்பேச்சு:
அப்போ நீங்க ரெண்டு பேரும் சொல்ற உத்திக் கணக்கையே எடுத்துக்குவோம். நாவல்ல மழை நாலு வருஷம், பதினொரு மாசம், ரெண்டு நாள் பெய்யுது. பாதிரியார் நிகானோர் சாக்லேட் குடிச்சதும் தரையிலேருந்து 12 சென்டிமீட்டர் உயர்றார். இந்தத் துல்லியம் வூல்ஃப்ல உண்டா, ருல்ஃபோல உண்டா?

வரிக்குவரி:
இல்லை. ஆனால் பாட்டியிடமிருந்தும் அது வரவில்லை. வானத்தில் யானைகள் பறக்கின்றன என்றால் நம்பமாட்டார்கள், 425 யானைகள் என்றால் ஒருவேளை நம்புவார்கள் என்று நீங்கள் சொன்ன அதே பேட்டியில் இருக்கிறது. அதைப் பத்திரிகைத் தொழிலின் தந்திரம் என்றே சொல்கிறார். புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் பிகாஃபெட்டாவைப் பாருங்கள். மகெல்லனோடு உலகைச் சுற்றக் கிளம்பியவர், முதுகுப்புறம் தொப்புள் உள்ள பன்றிகளைப் பார்த்ததாகக் கப்பல் குறிப்பு எழுதும் அதே நிதானத்தோடு எழுதினார். மார்க்வெஸ் நோபல் உரையைத் தொடங்குவதே அவரிடமிருந்துதான்.

வூல்ஃபிடம் வந்தது வேறு. லண்டன் தெருவில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே யாரோ பெரிய மனிதர். அதே வாக்கியம், லண்டன் புல் மண்டிய தடமாகி, நடைபாதையில் போகிறவர்கள் எல்லாம் எலும்பாகி, சில திருமண மோதிரங்களும் சொத்தைப் பற்களின் தங்க அடைப்புகளும் மட்டும் புழுதியில் மிஞ்சும் காலத்துக்குப் போய்விடுகிறது. தன் நாவலின் ஊரான மகோந்தோ அழியும் முழுக் காட்சியும் அந்த ஒரு நொடியில் தெரிந்ததாக அவர் சொன்னார். தேதியைக் குழப்பியிருக்கலாம். வாக்கியத்தைக் குழப்பவில்லை.

மிசிசிப்பி:
ஹெமிங்வேயை விட்டுவிட்டு மூடிவிடாதீர்கள். மார்க்வெஸின் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' திறப்பைப் பாருங்கள்: கர்னல் காப்பி டப்பாவைத் திறக்கிறார், ஒரு கரண்டிதான் மிச்சம், டப்பாவின் உட்புறத்தைக் கத்தியால் சுரண்டுகிறார், துருவும் சேர்ந்து விழுகிறது. வறுமை என்ற பேச்சே இல்லை. ஃபாக்னர் இதை மூன்று பக்கத்துக்கு இழுத்திருப்பார்.

திண்ணைப்பேச்சு:
இழுத்திருப்பார்தான். ஆனா அந்தக் கதையில கர்னல் எதிர்பார்க்கிற ஓய்வூதியத்துக்கு நிஜத்துல காத்துக் கிடந்தது மார்க்வெஸோட சொந்தத் தாத்தா, கர்னல் நிகோலாஸ் மார்க்வெஸ். அவரை எந்தப் பதிப்பகத்துல தேடுவீங்க?

நாட்காட்டி:
தாத்தா கதைக்கான பொருள். டப்பாவைச் சுரண்டும் கத்தி உத்தி. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதமுடியாது. ஹெமிங்வே பற்றிய கட்டுரையில் மார்க்வெஸ் நன்றியோடு குறிப்பிடுவதும் ஒரு தொழில் குறிப்பைத்தான்: நாளை எங்கே தொடங்கவேண்டும் என்று தெரியும்போது மட்டுமே இன்றைய வேலையை நிறுத்து.