புதுப்பிப்பு: 2.8 வோல்ட் ரெகுலேட்டர் பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: லினக்ஸில் கேமரா சென்சாரை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஐ2சி-யில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) சென்சாரிடமிருந்து பதிலே வராமல் தோற்கிறது, சென்சாருக்கு மின்சாரம் தருவது ஜிபிஐஓ (மென்பொருள் ஆன்/ஆஃப் செய்யும் சிப் முனை) வழியாக ஆன் ஆகும் ஃபிக்ஸ்டு ரெகுலேட்டர், அதாவது மாறாத ஒரே வோல்டேஜ் தருவது, டிரைவர் அதில் வோல்டேஜ் செட் செய்ய முயல்வதுதான் காரணமோ என்று. அது காரணமில்லை. டிரைவர் கேட்கும் வோல்டேஜ் வரம்புக்குள் 2.8 இருந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எதையும் மாற்றாமல், வெற்றி என்று பொருள்படும் சுழியத்தைத் திருப்பித் தந்துவிடும், 2.8 அந்த வரம்புக்கு வெளியே இருந்தால்தான் பிழை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) ரெகுலேட்டர் ஆன் என்று காட்டுகிறது, சப்ளையின் கெப்பாசிட்டர் மேல் மீட்டர் முனையை வைத்தால் 0 வோல்ட்! டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ஜிபிஐஓ-வுக்கு ஆக்டிவ் ஹை, அதாவது முனை மேலே போனால் ஆன், என்ற கொடி போட்டிருந்தேன், ஆனால் ஃபிக்ஸ்டு ரெகுலேட்டர் அந்தக் கொடியைப் பார்ப்பதில்லை. 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' என்ற தனி வரி இல்லாவிட்டால் ஆக்டிவ் லோ (கீழே போனால் ஆன்) என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் ஆன் செய்யச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஜிபிஐஓ முனை கீழே போய், ரெகுலேட்டர் ஆஃப் ஆகவே இருந்திருக்கிறது. டிமெசேஜிலும் (கெர்னலின் செய்திப் பதிவு) அதை ஒரு வரியில் சொல்லியிருந்தது, நான் கவனிக்கவில்லை.

அந்த வரியைச் சேர்த்த பிறகும், கணினியைத் தொடங்கும் சில தடவைகளில் மட்டும் தோற்றது. ரெகுலேட்டர் ஆன் ஆனபின் காத்திருக்கும் நேரமான 'ஸ்டார்ட்அப்-டிலே-யுஎஸ்'-க்கு 2000 மைக்ரோசெகண்ட் கொடுத்தேன், அதாவது 2 மில்லிசெகண்ட், அப்புறம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. சப்ளை ஏறும் நேரத்தை இப்படி டிவைஸ் ட்ரீயில்தான் சொல்ல வேண்டும். சென்சார் விழித்தெழ எடுக்கும் நேரம் வேறு, அது டிரைவரின் பொறுப்பு, தயவுசெய்து இரண்டையும் ஒரே டிலேயில் போட்டுக் குழப்பாதீர்கள்.