'தோபோஸ்' என்பதற்குத் தமிழ் என்ன?

வணக்கம். கல்லூரிப் பாடநூல் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எகிப்தின் கோப்திக் மொழிப் பாப்பிரசு (நாணல் தாள்) பத்திரங்களில் 'ஜேமே மலையிலுள்ள புனித அபா ஃபோய்பம்மோனின் தோபோஸ்' என்று வருகிறது ('அபா' என்றால் தந்தை). 'மடம்' என்று போடலாமா?

—

ஐயா, மடம் வேண்டாம். தோபோஸ் கிரேக்கச் சொல். 'இடம்' என்று பொருள். துறவியர் குடியிருப்பு, மறைசாட்சியின் நினைவுக்கோவில், ஊர்த் தேவாலயம் எல்லாவற்றுக்கும் அதுவே வரும். பண்டை எகிப்திய அரசி ஹத்செப்சுத்தின் கோவில் இடிபாட்டின்மேல் எழுந்த இந்த மடத்தின் கட்டடத்தை 19-ஆம் நூற்றாண்டு அகழாய்வாளர்கள் அகற்றிவிட்டார்கள். இனிப் பத்திரங்களே பெரும் சான்று. அவற்றின் சொல்லைக் குறுக்கக் கூடாது. 'தலம்' என்க.

—

தலம் வடசொல். 'பள்ளி' இருக்கும்போது கடன் எதற்கு? சமணப் பள்ளி, பள்ளிச்சந்தம் (பள்ளிக்கு விட்ட நிலம்) எல்லாம் கல்வெட்டில் உண்டு. இறந்த அரசர் நினைவாகச் சோழர் எடுத்தது பள்ளிப்படை. துறவியர் உறைவிடம், நினைவுக்கோவில் இரண்டும் ஒரே வேரில் அடங்குகின்றன. 'அபா'கூட நம் அப்பன்தானே!

—

அபா அரமேயத்திலிருந்து வந்தது, அதை விடுங்கள். உயிரோடிருக்கும் துறவியும் அபா, மறைந்த புனிதரும் அபா. ஆகவே 'அபா இன்னாரின் தோபோஸ்' என்பதை மட்டும் வைத்து, அது புனிதர் பெயரால் அமைந்தது என்று முடிவுகட்ட முடியாது. பெயருக்கு முன் 'ஹகியோஸ்' (புனித) என்ற அடை உண்டா, அப்போதைய தலைவர் பெயர் வேறா என்று பார்க்க வேண்டும். 7-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹெர்மோந்திஸ் நகர ஆயர் ஆபிரகாம் இந்த மடத்தை உயில் எழுதி வைத்தார். உயில் கிரேக்கத்தில் இருந்ததால் அவருக்கு எகிப்திய மொழியில் (கோப்திக்கில்) விளக்கினார்கள். தலைவர் ஆபிரகாம், மடத்தின் பெயரோ ஃபோய்பம்மோன். எனவே ஃபோய்பம்மோன் மடத்தின் பாதுகாவல் புனிதர். அவர் பெயரில் வேறு மடங்களும் இருந்தன. மலை, ஊர்ப் பெயர் கிழிந்துபோன துண்டை இதோடு சேர்க்காதீர்கள்.

—

பள்ளி என்றால் மாணவர் குழம்புவார்கள். நோய் தீர்ந்த மகனைப் புனிதருக்கு எழுதிக்கொடுக்கும் 8-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்கள் பாடத்தில் உள்ளன. 'மகனைப் பள்ளிக்குக் கொடுத்தார்' என்றால் படிக்கச் சேர்த்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். 'திருத்தலம்' எப்படி?

—

மூலத்தில் 'புனித' என்ற அடை தோபோசுக்கு உள்ள இடத்தில் மட்டும் 'திரு' வரட்டும். எங்கும் சேர்த்தால் இருக்கும் சான்றும் இல்லாத சான்றும் ஒன்றாகிவிடும்.

—

சரி, நேரமில்லை. தோபோஸ்: தலம். மொனஸ்தேரியோன் என்றே எழுதியிருந்தால்: துறவு மடம். மாற்றுக் கருத்து?

—

எனக்கு உண்டு. தலம் என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் இடம். அந்தப் பிள்ளைகள் அங்கேயே தங்கி ஊழியம் செய்தவர்கள். அடிக்குறிப்பிலாவது 'பள்ளி' இருக்கட்டும்.