கேட் கேமராவில் நேரம் தப்பு: குடியிருப்போர் குழு, சனிக்கிழமை காலை

சரஸ்வதி சி-302: எல்லோருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலம் 5:20க்கு என் பார்சலைக் கேட்டில் கொடுத்ததாக டெலிவரி தம்பி சொல்கிறார். கேமராவில் 5:20ஐ ஓட்டிப் பார்த்தால் ஒரே இருட்டு, தெருவிளக்கு எரிகிறது. 5:20க்கு எப்படி இருட்டும்?

ரவி, செயலாளர்: அம்மா, வியாழக்கிழமையில் இருந்தே கேமரா நேரம் தப்பாகத்தான் காட்டுகிறது. நேற்று ராத்திரி ரெக்கார்டரில் நானே சரியாக வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் மறுபடி பின்னால் போய்விட்டது. சர்வீஸ்காரர் ரெக்கார்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்.

அருண் ஏ-104: ரவி சார், மாற்ற வேண்டாம், பொறுங்கள். நீங்கள் வைத்த நேரம் தானாகத் திரும்பிப் போகிறது என்றால் வேறு ஏதோ ஒன்று ரெக்கார்டருக்கு நேரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட் கைரேகை மெஷின் எப்படி?

ஹேமா பி-201: அதிலும் இதே கதைதான். ஹவுஸ்கீப்பிங் செல்வி அக்கா நேற்று காலை 7 மணிக்கு வந்தார், நானே பார்த்தேன். மெஷினில் 2:50 என்று பதிவாகி, ரிப்போர்ட்டில் ஆப்சென்ட் போட்டிருக்கிறது. அவர் அழாத குறைதான்.

அருண் ஏ-104: இரண்டு மெஷின், ஒரே மாதிரித் தப்பு. அப்போது கோளாறு இரண்டிலும் இல்லை, இரண்டும் நேரம் கேட்கிற இடத்தில் இருக்கிறது. ஆபீஸ் ரேக்கில் ‘ராஸ்பெரி பை’ என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுதான் நம் என்டிபி சர்வர், நெட்வொர்க் வழியாக மற்ற மெஷின்களுக்கு நேரம் சொல்வது. சார், ஆபீஸ் திறந்திருக்கிறதா? அதன் திரையையும் உங்கள் போனையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ போடுங்கள்.

ரவி, செயலாளர்: 📷 போட்டோ

அருண் ஏ-104: போனில் 8:25, பையில் 4:15. சரியாக 4 மணி 10 நிமிடம் பின்னால். எப்போதும் முதலில் இந்த அளவைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தரை மணி நேரம் என்றால் டைம் ஜோன் தப்பு. என்டிபி உலகப் பொது நேரத்தை மட்டும்தான் அனுப்பும், ஐந்தரையைக் கூட்டிக்கொள்வது அந்தந்த மெஷின் வேலை. இது அது இல்லை. வியாழக்கிழமை கரண்ட் எத்தனை மணி நேரம் போனது?

முருகேசன் ஏ-401: பராமரிப்புப் பணி என்று 9 முதல் 2 வரை தம்பி. ஆபீஸ் யுபிஎஸ் ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது.

அருண் ஏ-104: விடை கிடைத்துவிட்டது அங்கிள். அந்தப் பழைய பைக்குள் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாக மெமரி கார்டில் எழுதி வைத்த நேரத்தில் இருந்து எண்ணத் தொடங்கும். மதியம் 2 மணிக்கு உயிர் வந்தபோது அதற்கு 9:50தான்.

ஹேமா பி-201: இன்டர்நெட்டில் பார்த்துத் திருத்திக்கொள்ளாதா?

அருண் ஏ-104: திருத்தியிருக்க வேண்டும். சார், பையில் நேரத்தைச் சரிசெய்கிற புரோகிராம் ‘குரோனி’. அதன் சோர்சஸ் பக்கத்தைத் திறந்து ‘ரீச்’ என்ற பத்தியைப் படியுங்கள்.

ரவி, செயலாளர்: இரண்டு வரி இருக்கிறது. இரண்டிலும் 0. முன்னால் கேள்விக்குறி.

அருண் ஏ-104: 0 என்றால் கடைசி எட்டு முறை கேட்டும் ஒரு பதிலும் வரவில்லை. போன மாதம் ரவுட்டர் மாற்றினோமே, அதில் ஃபயர்வால் என்ற தடுப்பை ‘ஹை’யில் வைத்திருப்பார்கள். என்டிபி போகும் வழி யுடிபி 123. அந்த வழியைத் திறந்துவிடுங்கள். ஒரு மாதமாக அடைபட்டிருந்தும் தெரியாததற்குக் காரணம், பை அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. தானாக ஓடினால் சில விநாடிதான் நகரும்.

ரவி, செயலாளர்: திறந்துவிட்டேன். ரீச் இப்போது 17... 37... 77 என்று ஏறுகிறது! ஆனால் மணி இன்னும் மாறவில்லையே?

அருண் ஏ-104: அருமை சார். 377 வந்தால் எட்டுக்கு எட்டும் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம். மணியைக் குரோனி மெதுவாகத்தான் தள்ளும். விட்டால் இந்த 4 மணி நேரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ‘மேக்ஸ்டெப்’ என்ற கட்டளையைக் கொடுங்கள், ஒரே தாவலில் வந்துவிடும். முன்னால் தாவுவதால் பழைய பதிவு எதுவும் அழியாது, இடையில் ஒரு வெற்றிடம் மட்டும் தெரியும்.

ரவி, செயலாளர்: 9:02. போனும் 9:02 👍

அருண் ஏ-104: இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். குரோனியின் கான்ஃபிக் ஃபைலில் ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’ என்று ஒரு வரி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். தனக்கே நேரம் தெரியாதபோதும் ‘எனக்குத் தெரியும்’ என்று பதில் சொல்ல வைப்பது அந்த வரிதான். அது இல்லாமல் இருந்திருந்தால், கரண்ட் வந்ததும் பை ‘என் நேரம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்று சொல்லியிருக்கும், ரெக்கார்டரும் கைரேகை மெஷினும் தங்கள் பேட்டரி நேரத்திலேயே ஒழுங்காக ஓடியிருக்கும். நேரம் தெரியாத சர்வர் பேசாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அப்புறம், பை இன்டர்நெட்டில் நேரம் கேட்பதற்கு இரண்டு சர்வர் போதாது. ஒன்று தப்பாகச் சொன்னால் எது தப்பு என்று பைக்குத் தெரியாது. நான்காக்கி விடலாம். அதில் ஒன்று டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது, இந்திய நேரத்தைக் காப்பவர்களே அவர்கள்தான். பைக்குப் பேட்டரிக் கடிகாரம் ஒன்றும் வாங்கி மாட்டிவிடலாம், சில நூறு ரூபாய்தான்.

ரவி, செயலாளர்: வாங்கிவிடு தம்பி, கமிட்டி கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

அருண் ஏ-104: சரஸ்வதி ஆன்டி, உங்கள் 5:20ஐ நேற்றைய பதிவில் மதியம் 1:10 என்று தேடுங்கள்.

சரஸ்வதி சி-302: கிடைத்துவிட்டது! 1:11ல் வாட்ச்மேன் வாங்கி உள் அலமாரியில் வைக்கிறார். பார்சலும் அங்கேயே இருக்கிறது. பாவம், அந்தத் தம்பியை நேற்று நன்றாகத் திட்டினேன். போன் போட்டுச் சொல்கிறேன்.

ஹேமா பி-201: செல்வி அக்கா விஷயம்?

அருண் ஏ-104: வியாழன் மதியம் 2 முதல் இன்று 9 வரை உள்ள எல்லாப் பதிவிலும் 4:10 கூட்ட வேண்டும். நைட் வாட்ச்மேன்கள் நடுராத்திரி தாண்டிப் போட்ட கைரேகை முந்தின நாளில் விழுந்திருக்கும், அதைத் தனியாகப் பாருங்கள்.

ரவி, செயலாளர்: இப்போதே உட்கார்ந்து திருத்துகிறேன். ஹேமா, அக்காவிடம் சொல்லிவிடுங்கள், ஒரு நாள் சம்பளமும் குறையாது. திருத்திய ரிப்போர்ட் மதியத்துக்குள் ஏஜென்சிக்குப் போய்விடும்.