பி காரணிக்கு என்ன எண் போட்டீர்கள்? மலைச்சரிவில் மண் அரிப்பைக் கணக்கிட்டவர்கள் சொல்லுங்கள்

குந்தாமழை:

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் குந்தா பக்கம் ஒரு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொண்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற சரிவுகளிலிருந்து எவ்வளவு மண் போகிறது, பெஞ்ச் டெரஸ், அதாவது சரிவைப் படிபடியாக வெட்டிய தட்டு இருந்தால் எவ்வளவு குறையும் என்று முதுகலைப் படிப்பில் கணக்குப் போட்டேன். எல்லோரும் போடுகிற யு.எஸ்.எல்.இ. (Universal Soil Loss Equation) என்ற மண் இழப்புச் சமன்பாடுதான். மழையின் அரிக்கும் வலிமை, மண்ணின் தன்மை, சரிவின் நீளம், அதன் செங்குத்து, மேலே இருக்கும் பயிர், பாதுகாப்பு முறை, இத்தனையையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் என்று வந்து நிற்கும். கடைசியில் சொன்ன பாதுகாப்பு முறைதான் பி காரணி. ஒன்றுமே செய்யாத நிலத்துக்கு 1, மண்ணை நன்றாகப் பிடித்துவைக்கிற நிலத்துக்கு அதிலிருந்து இறங்கிக்கொண்டே வரும்.

செயற்கைக்கோள் படத்தில் டெரஸ் தெரிந்த இடத்துக்கெல்லாம் 0.1 போட்டேன். வரைபடம் முழுக்கப் பச்சை, அதாவது அரிப்பு குறைவு. அதைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

அக்டோபர் கடைசியில் மழை விட்டிருந்த ஒரு நாள் நேரில் போனேன். தோட்டத்தில் இருந்த பெரியவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "தம்பி, இது எங்கப்பா காலத்துல வெட்டின தட்டு. அப்புறம் யாரும் கை வைக்கல" என்றார். மலைப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய தட்டு பாதி இடத்தில் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஓரத்தில் புல் இல்லை, விளிம்பு உடைந்து அடுத்த தட்டில் கிடக்கிறது. பாத்திகளோ மேலிருந்து கீழாக, தண்ணீர் ஓடுகிற திசையிலேயே. ஏன் குறுக்கே போடவில்லை என்று கேட்டேன். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை யார் கட்டுவது என்றார். எனக்குப் பதில் இல்லை, அவர் சொன்னது நியாயம். வடிகால் வெட்டிக்கொடுக்காமல் குறுக்கே போடு என்று சொல்வது நஷ்டத்தை அவர் தலையில் கட்டுவதுதான்.

அறைக்கு வந்து அந்த இடங்களுக்கு 0.1-ஐ எடுத்துவிட்டு 0.4 போட்டேன். பெருக்கல் கணக்குதானே, விடையும் நான்கு மடங்கு ஆனது. மழைத் தரவுக்கும் மண் மாதிரிக்கும் மாதக்கணக்கில் அலைந்த எனக்கு, முடிவைத் தீர்மானித்த எண்ணைப் பத்து நிமிடத்தில் அட்டவணையிலிருந்து எடுத்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. இன்னொன்று, நான் பயன்படுத்திய உயர வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். அதற்குள் பத்துத் தட்டுகூட அடங்கிவிடும். மாடல் பார்த்தது மலையின் சரிவை, தட்டை அல்ல. இந்தச் சமன்பாடே அமெரிக்க வயல்களில் 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் உள்ள பாத்தியை அளவுகோலாக வைத்து உருவானது, நாமோ அதை 40 சதவீதச் சரிவுக்கு இழுத்துக்கொண்டு போகிறோம்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். ஆண்டுச் சராசரியை வைத்துப் போடுகிற கணக்கில் அப்படி ஒரு நாளுக்கு இடமே கிடையாது. நிலச்சரிவும் அதில் சேராது, ஓடை வெட்டிக்கொண்டு போவதும் சேராது.

சரி, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மெக்கெலே நாட்கள்:

எத்தியோப்பியாவில் சில வருடம் பாடம் நடத்தினேன், அங்கே நம்மூர் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். திக்ராய் மலைகளில் கல் வரப்புகளைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடும். ஒவ்வொரு வருடமும் ஊரே கூலி வாங்காமல் பல நாள் உழைத்துக் கல் சுமந்து கட்டியது. அந்த வரப்புகளை அளந்து 2005-இல் வந்த ஒரு ஆய்வு மண் இழப்பு சராசரியாக 68 சதவீதம் குறைவதாகச் சொன்னது, அதாவது பி காரணி 0.32. எங்கள் மாணவர்கள் எல்லோரும் அந்த 0.32-ஐ அப்படியே எடுத்துப் போடுவார்கள்.

ஆனால் அது எந்த வயது வரப்புக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. புது வரப்புக்குப் பின்னால் பள்ளம் இருக்கும், மண் வந்து தங்கும். சில வருடத்தில் அது நிரம்பி மட்டமாகிவிட்டால் அடுத்த மழைக்கு மண் மேலேறித் தாண்டிப் போகும், கல்லை உயர்த்திக் கட்டினால்தான் உண்டு. நான் போன ஒரு சரிவில் உயர்த்தாததோடு சில இடங்களில் கல்லைப் பிரித்தே போட்டிருந்தார்கள். கல் இடுக்கில் எலி குடியிருந்து கதிரைத் தின்கிறது என்று ஒரு அம்மா சொன்னார். பயிரைக் காப்பாற்றப் பிரித்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தானா ஏரி பக்கத்து ஈர மலைகளில் வேறு விஷயம். மழை தொடங்கிச் சில வாரத்தில் பள்ளத்தாக்கின் அடி நிலம் தண்ணீரால் நிறைந்துவிடும், அப்புறம் அங்கே விழுகிற மழை அத்தனையும் மண்ணில் இறங்காமல் மேலாக ஓடிவிடும் ஓட்டம்தான். பெரிய ஓடைகள் வெட்டிக்கொண்டு போவதும் பெரும்பாலும் அந்த அடியில்தான். நீரோட்டத்தையும் வண்டலையும் கணக்கிடும் ஸ்வாட் (SWAT) என்ற கணினி மாடலோ மண்ணும் பயிரும் பார்த்து மேட்டில் ஓட்டம் அதிகம் என்று காட்டும். வரப்பை எங்கே கட்டுவது என்பதே மாறிப்போகிறது பாருங்கள். அடியில் வரும் மொத்த வண்டல் அளவு ஒத்துப்போனதால் மாடல் சரி என்று நாங்களும் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். இதைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன், இத்தோடு விடுகிறேன்.

கண்டிச்சீமை:

எங்கள் பக்கம் தேயிலை. இலங்கையில் மகாவலி ஆற்றின் மேல் பகுதி. பொல்கொல்லை நீர்த்தேக்கம் 1976-இல் வந்தது, 1988-க்குள் 40 சதவீதத்துக்கு மேல் வண்டலால் நிறைந்துவிட்டது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவள் நான்.

நான் பயிர்க் காரணியில் மாட்டிக்கொண்டேன். தேயிலை என்றால் நிலத்தை மூடியிருக்கும் என்று ஒரே எண் போட்டுவிட்டேன். என் அம்மா மலையில் கொழுந்து பறித்தவர், பார்த்துவிட்டு "கவ்வாத்து வெட்டின வருசத்துக்கும் இதே கணக்கா பிள்ளை?" என்று கேட்டார். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டினால், அதாவது செடியின் கிளைகளைக் கழித்துவிட்டால், மலை மொட்டையாக நிற்கும், மழை நேரே மண்ணில் விழும். வெட்டிய மிலாறை, அந்தக் குச்சிகளை, அங்கேயே பரப்பினால் மண் தப்பும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அடுப்பெரிக்க விறகு இல்லாவிட்டால் மிலாறு வீட்டுக்குத்தான் வரும். நாங்களும் அப்படித்தான் சுமந்து வந்தோம். கான் வெட்டுக்கு, அதாவது வடிகால் வாய்க்கால் வெட்ட, ஆள் குறைத்த மலைகளில் கான் எல்லாம் மண் நிரம்பிக் கிடக்கிறது, வரைபடத்தில் அது கானாகவே இருக்கிறது. இப்போது கவ்வாத்து வருடத்தைத் தனியாகப் பிரித்துத்தான் போடுகிறேன்.

குந்தாமழை:

அக்கா, உங்கள் அம்மா கேட்ட கேள்வியை என் வழிகாட்டிகூடக் கேட்கவில்லை.

இப்போது நான் டெரஸ் என்று ஒரே வகையாகப் போடுவதில்லை. நடந்து பார்த்து, பராமரிப்பில் இருப்பது, சாய்ந்துவிட்டது, பெயருக்கு இருப்பது என்று மூன்றாகக் குறிக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணுக்குப் பதில் குறைந்தது இது, அதிகம் இது என்று வீச்சு கொடுக்கிறேன். போன வருடம் ஒரு கூட்டத்தில் அந்த வீச்சைக் காட்டியபோது, ஒரே எண்ணாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் நிதி கேட்க முடியாது என்றார்கள். கொடுக்கவில்லை. அதற்குப் பதில், புதுத் தட்டு வெட்டுவதற்கான தொகையில் ஒரு பகுதியைப் பழைய தட்டைச் சரிசெய்யவும் வடிகால் எடுக்கவும் வைத்தால் எவ்வளவு மண் மிஞ்சும் என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பெரியவரின் தோட்டத்தில் இந்த மழைக்கு இரண்டு தட்டில் மட்டும் வடிகாலோடு குறுக்குப் பாத்தி போட ஒத்துக்கொண்டிருக்கிறார், கிழங்கு எடுக்கும்போது வந்து எழுதுகிறேன்.