'டிபெண்டென்ஸ்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

வணக்கம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'பிசிக்கல் டிபெண்டென்ஸ்' என்ற ஒரே சொல்லில் ஒரு வாரமாக நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

மார்ஃபினை நாள்பட எடுத்தால் உடல் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல்வலி வரும். அதனால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இது 'அடிக்‌ஷன்' அல்ல. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு: 1964இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 'அடிக்‌ஷன்' என்பதற்குப் பதிலாக 'டிபெண்டென்ஸ்' என்று சொல்லப் பரிந்துரைத்தது; அதனால் ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது.

முதலில் 'அடிமைத்தனம்' என்று போட்டேன். வரைவைப் படித்த ஒரு பாட்டி, அத்தனை வலியிலும், மாத்திரையே வேண்டாம் என்றுவிட்டார். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். 'சார்பு' என்றால் ஒருதலைப்பட்சம் நினைவுக்கு வருகிறது. 'சார்ந்திருத்தல்' பிள்ளைகள் பெற்றோரை நம்பியிருப்பதுபோல ஒலிக்கிறது. 'பழக்கம்' வெற்றிலை பாக்கு போல. நான் புரட்டிய அகராதிகள் 'டிபெண்டென்ஸ்', 'டிபெண்டென்சி', 'ரிலையன்ஸ்' மூன்றுக்கும் ஒரே பொருளைத்தான் தருகின்றன.

நோயாளியைப் பயமுறுத்தாமல் இந்த உடல்நிலையை மட்டும் சொல்ல, உங்கள் வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ எந்தச் சொல் புழங்குகிறது?