இரவு மின்னஞ்சலுக்குக் காலையில் பதில்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு, அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் பிரிவுக்கு, பல ஆண்டுகள் பொறுப்பு வகித்தவன் நான். நல்ல ஊழியர்கள் விலகுவதற்குச் சம்பளத்தையே எல்லோரும் காரணமாகச் சொல்வதால், நான் நேரில் கண்ட வேறொரு காரணத்தை இங்கே பகிர்கிறேன்.

எங்கள் பிரிவில் மிகத் தேர்ந்த பெண் ஒருவர், சம்பளத்தை உயர்த்துவதாகச் சொன்ன பிறகும் ராஜினாமாவைத் திரும்பப் பெறவில்லை. குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் கைபேசி ஒலிக்கிறது, எடுக்காவிட்டால் மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். எந்த நிறம் எந்தச் சாயப்பட்டறையில் சரியாக வரும், எந்த பையர் (துணி வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்) லேப் டிப்பில், அதாவது சாயமிட்டுக் காட்டும் மாதிரித் துணியில், எவ்வளவு நிற வேறுபாட்டை ஏற்பார் என்பன போன்ற, எந்தக் கோப்பிலும் எழுதப்படாத அறிவெல்லாம் அவரோடு போய்விட்டது. பணத்தால் உடனே ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

ஜெர்மனியில் குளிர்காலத்தில் மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 9.30. அங்கே எங்கள் பையர்கள் அலுவலகத்தை முடிக்கும் முன் அனுப்பும் மின்னஞ்சல்தான் இங்கே இரவு அழைப்பாக மாறியது. ஆய்வுக்கு வந்திருந்த ஜெர்மானிய பையரிடம் இதைக் கேட்டபோது அவர் உண்மையிலேயே வியந்தார். அன்றைய வேலையை முடித்துவிட்டுப் புறப்படவே அனுப்புகிறாராம். இரவிலேயே பதில் வரவேண்டும் என்று அவர் ஒருபோதும் எதிர்பார்த்ததில்லையாம். நாம் காலை 10 மணிக்குப் பதில் அனுப்பினாலும் அவர்களுக்கு அப்போது விடியற்காலை 5.30தான், அவர் அலுவலகம் வரும்போது பதில் காத்திருக்கும். அவர் நாட்டிலேயே ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், 2011இல் ஊழியர் பிரதிநிதிகள் குழுவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பணி முடிந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு ஊழியர் பலரின் அலுவலகக் கைபேசிகளுக்கு மின்னஞ்சல் செல்வதை நிறுத்தியிருந்தது. அவசரத்தை உண்டாக்கியது பையர் அல்லர், எங்கள் அலுவலகமே.

அதன்பின், மாலை 7 மணிக்கு மேல் யாரையும் அழைப்பதில்லை என்று முடிவு செய்தோம். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு சேரவேண்டிய கடைசி நாட்களில் மட்டும் சுழற்சி முறையில் ஒருவர் விழித்திருப்பார். அவர் மறுநாள் மதியம் வந்தால் போதும். முதலாளி முதலில் தயங்கினார். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு விலகுவது எங்கள் ஊரில் வழக்கம். அந்த ஆண்டு எங்கள் பிரிவில் ஒருவரும் விலகவில்லை.

மறுமொழி:

நான் தையல் பிரிவில் மேற்பார்வையாளர். சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம் தரச் சொல்கிறது என்றாலும், மாலை 5 மணிக்கு வந்து ‘இன்று ஒன்றரை ஷிப்ட்’ என்று சொன்னால், அந்தப் பணத்தால் டைலரின் மனக்கசப்பு தீர்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா என்பதை வியாழக்கிழமையே அறிவித்து, வர இயலாதவரிடம் காரணம் கேட்பதை நிறுத்தினோம். ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இப்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறார்கள், சொன்ன நாளில் திரும்பியும் விடுகிறார்கள்.