முடக்குவாதம்: சி.ஆர்.பி. ஏறினால் அதற்கும் என் மனசுதான் காரணமா?

ஊசிநூல்:
எனக்கு வயது 38, கரூர் பக்கம். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்று சொல்லி 14 மாதம் ஆகிறது. அதற்கு ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மறுநாள் ஃபோலிக் ஆசிட். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு விரல் மடங்காது. கேஸ் அடுப்பின் திருகை உள்ளங்கையால் தள்ளித்தான் திருப்புகிறேன். கத்தரியை அழுத்தினால் கட்டைவிரல் அடியில் சுள்ளென்று இழுக்கும். கொக்கி வைப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் சி.ஆர்.பி. போன முறை அது 9. இந்த மாதம் 31. ரிசல்ட்டைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "எதைப் போட்டு மனசுல குழப்பிக்கிட்டு இருந்த?" என்றார். மாமியார், "மனசு தைரியமா இருந்தா இதெல்லாம் ஏறுமா?" என்றார். இரண்டு பேருமே என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். ஆனால் அன்றிலிருந்து அழுகை வந்தால்கூட, நோய் ஏறிவிடுமோ என்று அடக்கிக்கொள்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியான முகாமுக்கு வரச் சொல்கிறார். மனசால் இது கூடுமா, குறையுமா? இதே நோய் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அம்மா, அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். அதனால் மூட்டு கெடாது.

எனக்கு இந்த நோய் 2014-இல் வந்தது. சாக்பீஸ் பிடிக்க முடியாமல் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. 2016-இல் ஒரு பேச்சைக் கேட்டு, மனசே மருந்து என்று நம்பி மாத்திரையை நிறுத்தினேன். ஏழு மாதம். விடிகாலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி, தியானம். பொய் சொல்லவில்லை, வலி குறைந்தது. நல்ல தூக்கம் வந்தது. வீட்டில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன். எட்டாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தால் வலது கை விரல் முட்டி எலும்புகள் அரித்திருந்தன. இப்போது அந்த நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தே இருக்கின்றன. அது இனி நிமிராது. என் மனசு ரொம்ப நன்றாக இருந்த அதே மாதங்களில்தான் எலும்பு போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. மகளுக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தம் நின்றுபோன மறுநாள் என்னால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று பயந்து ரத்தம் கொடுத்தேன். சி.ஆர்.பி. பழைய அளவிலேயே இருந்தது.

2011-இல் பாஸ்டனில் ஆஸ்துமாக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒருமுறை மருந்துள்ள இன்ஹேலர், ஒருமுறை மருந்தே இல்லாத இன்ஹேலர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எவ்வளவு சுகம் என்று கேட்டால் மருந்துக்கு 50 சதவீதம், வெறும் இன்ஹேலருக்கு 45 சதவீதம் என்றார்கள். ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தபோது மருந்துக்கு 20 சதவீத முன்னேற்றம், வெறும் இன்ஹேலருக்கு 7 சதவீதம்தான். ஒன்றுமே கொடுக்காதபோதும் அதே 7. படித்தபோது என் கையைத்தான் பார்த்துக்கொண்டேன்.

தியானத்தை நான் விடவில்லை. வலியோடு நாளை ஓட்ட அது பெரிய துணை. மாத்திரையோடு சேர்த்துச் செய்கிறேன், அவ்வளவுதான். நிறுத்தாதீர்கள் அம்மா, உங்கள் தொழிலே விரலில் இருக்கிறது.

வார்டு அக்கா:
மூட்டுவாதப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஊசிநூல், ரத்தம் கொடுத்த வாரம் சளி, காய்ச்சல், பல் வீக்கம், சிறுநீர் எரிச்சல் ஏதாவது இருந்ததா? தொற்று எது வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் தொற்று வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லவும் வேண்டும்.

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கவலை தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் வலி கூடும், அது நிஜம். ஆனால் வீட்டில் யாரும் யோசிக்காத பக்கம் ஒன்று உண்டு. மூட்டில் வீக்கத்தை உண்டாக்கும் சைட்டோகைன்கள் என்ற ரசாயனங்கள் மூளையையும் பாதிக்கும். காய்ச்சல் வந்தால் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் சுருண்டு படுப்போமே, அதுபோலச் சோர்வும் துக்கமும் வரும். நீங்கள் துக்கப்பட்டதால் நோய் ஏறியது என்கிறார்கள். நோய் ஏறியதால் துக்கம் வந்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

ஊசிநூல்:
அக்கா, கடைவாய்ப்பல்! அந்த வாரம் கன்னம் வீங்கி, கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தேன். பல் வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரிடம் சொல்லவே இல்லை. இப்போதுதான் போன் பண்ணினேன். முதலில் பல்லைக் காட்டச் சொன்னார், இந்த ஞாயிறு மாத்திரையைப் பற்றி நாளைக்கு நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம்.

உங்கள் பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்து என் கையை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேருமே அழுதோம்.

வாத்தியார் ஐயா, மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன்.